குட்டியை எடுத்தாயிற்று, வைப்பது எங்கே?

தெருவில் தனியாக நின்ற ஒன்றரை மாத நாய்க்குட்டி கைக்கு வந்துவிட்டது. வீட்டில் நிரந்தரமாக வளர்க்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நல்ல வீடு ஒன்று கிடைக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், அது எங்கே இருக்கும்? சென்னை மாதிரி ஊரில் இதற்கு வழிகள் சிலதான். எடுத்த இடத்திலேயே விட்டுச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பிராணிகள் காப்பகமான ஷெல்டரில் சேர்க்கலாம். நாள் வாடகைக்கு நாயைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் காசு கொடுத்து விடலாம். நம் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தற்காலிகமாக வைத்து வளர்க்கலாம். ஃபாஸ்டர் என்று சொல்வது இதைத்தான். நாமே வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கே முடிவெடுப்பவர்களும் உண்டு.

பெரும்பாலோர் செலவு, இடம், வேலை நேரம் என்ற வரிசையில் யோசிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது குட்டியின் வயதை. கண் திறந்து தள்ளாடி நடந்தால் இரண்டு மூன்று வாரம். பால்பற்கள் எல்லாம் முளைத்து ஊசியாகக் குத்தினால் ஆறு முதல் எட்டு வாரம். முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் வரத் தொடங்கியிருந்தால் நான்கு மாதம் ஆகிறது. இதைச் சரியாகப் பார்த்துவிட்டாலே பாதி முடிவு தானாக வந்துவிடும். ஏனென்றால் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் பிற்பாடும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். மனிதக் கை, குழந்தைகளின் கூச்சல், குக்கர் விசில், மிக்ஸி எல்லாம் இதில் அடங்கும். அதே வாரங்களில்தான் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே போகும். தடுப்பூசியின் பலன் இன்னும் முழுதாக வந்திருக்காது. ஆளோடு பழக வேண்டிய காலமும் நோய் தாக்கும் காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. எந்த வழியை எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் சேர்த்து அது என்ன செய்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில், எடுக்கவே வேண்டுமா? தாய் பக்கத்தில் இருந்தால் வேண்டாம் என்பது என் பதில். குட்டிகள் தனியாகக் கத்துகின்றன என்பதற்காகத் தாய் போய்விட்டாள் என்று அர்த்தமில்லை. இரை தேடிப் போயிருப்பாள். தள்ளி நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். நாம் பக்கத்திலேயே நின்றால் அவள் வரமாட்டாள். எட்டு வாரம்வரை தாயும் உடன்பிறப்புகளும் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை, முக்கியமாகக் கடியின் அளவு எது என்பதை, எந்த மனிதராலும் அவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது. தாய்க்கு வயிறாரச் சோறு போடுவது, மழை படாத மூலை ஒன்று ஏற்பாடு செய்வது, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது, பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்வது எல்லாவற்றையும் தெருவிலேயே செய்யலாம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஈற்றுக் குட்டிகளும் அதே மூலையில் வந்து நிற்கும்.

தாய் செத்துவிட்டது, குட்டிக்கு அடிபட்டிருக்கிறது, வாந்தி பேதி, பஸ் போகும் சாலை, அட்டைப்பெட்டியில் வைத்து யாரோ விட்டுப்போனது என்றால் கதை வேறு. அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த குட்டி சில்லென்று இருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், அப்புறம்தான் ஆகாரம். பசும்பால் வேண்டாம், வயிற்றைப் போக்கிவிடும். இன்னொன்று, ஒரு தெருவில் எடுத்த குட்டியை 'நம்ம ஏரியா பாதுகாப்பானது' என்று இன்னொரு தெருவில் கொண்டுபோய் விடுவது உதவியே இல்லை. அங்கிருக்கும் நாய்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் விடாது. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஷெல்டர் என்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ப்ளூ கிராஸ். கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பமும் தங்கள் வீட்டிலேயே பிராணிகளை வைத்துப் பார்த்து வளர்த்த முயற்சி 1964இல் அமைப்பாக உருவெடுத்தது. நாட்டின் பெரிய ஷெல்டர்களில் ஒன்றின் தொடக்கமே வீட்டில்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஷெல்டரால் முடிகிற, வீட்டால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது: சிகிச்சை. கால் முறிந்த குட்டி, புழு வைத்த புண், வண்டியில் அடிபட்டது என்றால் டாக்டரும் கூண்டும் ஆம்புலன்ஸும் உள்ள இடம்தான் சரி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இப்படிப்பட்ட கேஸ்களுக்குத்தான்.

ஆனால் காயமில்லாத, நன்றாகச் சாப்பிடுகிற ஆறு வாரக் குட்டியை ஷெல்டரில் விடுவது பெரும்பாலும் மோசமான முடிவு. அங்கே வேலை செய்பவர்கள் மேல் குறை சொல்லவில்லை. தினமும் எல்லாத் தெருவிலிருந்தும் ஊசி போடாத குட்டிகள் வந்து சேரும் இடம் அது. குட்டிகளை வாந்தி பேதியில் சாகடிக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமான ஃபினாயிலுக்கும் கை கழுவும் சானிடைசருக்கும் அது அசையாது. ப்ளீச் கரைசல்தான் வேண்டும். எவ்வளவு சுத்தமாக நடத்தினாலும், ஊசி முடியாத குட்டிகளை நிறைய ஒரே கூரைக்குக் கீழ் வைத்தால் ஆபத்து கூடத்தான் செய்யும். நேரமும் ஒரு பிரச்சினை. நூறு பிராணிகளைப் பார்க்கும் ஆள் ஒரு குட்டியை மடியில் வைத்து நகம் வெட்டப் பழக்க முடியாது. ஆகவே ஷெல்டரில் சிகிச்சை, தங்குவது வேறு இடத்தில் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பல அமைப்புகளும் ஃபாஸ்டர் வீடுகளைத் தேடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

போர்டிங் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஒழுங்காக நடத்தப்படும் போர்டிங்கில் முழுத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஆறு வாரக் குட்டிக்கு அது இருக்காது. சான்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடமென்றால், மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள் என்று பொருள். போதாததற்கு, வாடகை நாள் கணக்கில் ஏறும். இரண்டு மாதத்துக்கு வரும் தொகையில் ஊசி, மருந்து, கருத்தடை எல்லாம் முடித்து மிச்சமும் இருக்கும். தடுப்பூசி முடிந்த பெரிய நாய்க்கு, ஃபாஸ்டர் வீட்டார் ஊருக்குப் போகும் ஒரு வாரத்துக்கு, போர்டிங் நல்ல ஏற்பாடு. அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது வீடு. ஒரு குட்டிக்கு ஒரு வீடு என்ற கணக்கில் நோய் பரவும் வாய்ப்பும் குறையும், ஆளோடு பழகுவதும் தானாக நடக்கும். இருந்தாலும் எல்லா வீடும் ஃபாஸ்டருக்கு ஏற்றதல்ல. சிலருக்கு நான் நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கடந்த ஒரு வருடத்துக்குள் பார்வோ வந்து நாய் செத்த வீடு என்றால் குட்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது. காலை எட்டுக்குப் பூட்டினால் இரவு ஏழுக்குத்தான் திறப்போம் என்கிற வீடும் இரண்டு மாதக் குட்டிக்குச் சரிவராது. அந்த வயதில் மூன்று நான்கு வேளை சாப்பாடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம். வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனரிடம் சொல்லாமல் ஆரம்பிப்பதும் ஆபத்து. நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று பிராணிகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வாதம் நம்மைக் காப்பாற்றுவது கஷ்டம்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால்? முடியாதென்றில்லை. அதற்கு ஊசிகள் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். புதுக் குட்டியை இரண்டு வாரம் தனி அறையிலோ மூடிய பால்கனியிலோ வைக்க வேண்டும். பாத்திரம், துணி, துடைப்பம் எல்லாம் வேறு. பார்வோ கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்பட ஒரு வாரம் ஆகலாம், சில சமயம் இரண்டு. வந்த அன்று துள்ளிய குட்டி நாலாம் நாள் சுருண்டு படுத்து, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் போனால் மறுநாள்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். இரவு பேதியில் ரத்தம் தெரிந்து, காலையில் போகலாம் என்று படுத்தால் காலைக்குள் குட்டியின் உடம்பில் நீர் வற்றியிருக்கும்.

ரேபிஸைப் பற்றி ஃபாஸ்டர் ஆட்கள் பேசத் தயங்குகிறார்கள்; பேசினால் யாரும் குட்டியை எடுக்க முன்வரமாட்டார்கள் என்ற பயம். சொல்லாமல் எடுக்க வைப்பது அதைவிடத் தவறு. பால்பல் குட்டி எல்லாவற்றையும் கடிக்கும், விளையாட்டில் உங்கள் விரலிலும் ரத்தம் வரும். அதற்கு முன் அதை எந்த நாய் கடித்தது என்பது நமக்குத் தெரியாது. கடிபட்டு நோய் வெளியே வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான். ஆகவே அடிக்கடி ஃபாஸ்டர் செய்பவர்கள் முன்கூட்டியே தங்களுக்கு ஊசி போட்டுக்கொள்வது நல்லது. போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், கீறல் பட்டால்கூடச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு போடாதவர்களுக்கு அங்கே தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில் இலவசமாகவே கிடைக்கும். ரத்தம் வந்த கடி என்றால் அதற்கு மேல், உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலினும் தேவையா என்று டாக்டர் பார்ப்பார். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குட்டியை ஃபாஸ்டருக்கு வைக்க நான் சிபாரிசு செய்வதில்லை. கீறலைக் குழந்தை வீட்டில் சொல்லாது.

இதெல்லாம் தாண்டி வீடு சரி என்று வந்துவிட்டால், அப்புறம் நடப்பது சந்தோஷமான வேலைதான். குட்டி வந்த முதல் வாரத்திலேயே பூச்சி மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து, பதினாறு வாரம் ஆகும்வரை. அதுவரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. அதற்காக அறையிலேயே அடைத்து வைப்பதும் தவறு. பழகும் வாரங்கள் போனால் போனதுதான். தோள் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு காய்கறி வண்டி ஒலிபெருக்கி, ஆட்டோ, பறை மேளம், பள்ளி விடும் நேரத்துக் கூட்டம் எல்லாவற்றையும் காட்டலாம். வீட்டுக்கு வருபவர்களிடம் ஆளுக்கொரு கோழித்துண்டு கொடுத்து ஊட்டச் சொல்லலாம். தீபாவளிக்கு முன் வந்த குட்டி என்றால் வெடிச் சத்தத்தை மொபைலில் மிகச் சன்னமாக ஓடவிட்டுச் சாப்பாடு கொடுப்பதும் பலன் தரும். உணவுக்கு வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் மட்டும் போதாது, சத்துக்குறைவு வராமலிருக்க வயதுக்கு ஏற்ற நாய்த்தீவனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாய்க்கு அது விஷமாகலாம்.

ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு கிடைத்தால் எட்டு வாரம்வரை இரண்டையும் சேர்த்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வேலை இரண்டு மடங்காகாது, இரவு அழுகை பாதியாகும். ஆனால் அடாப்ஷன் கொடுக்கும்போது பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது வீட்டில் இரண்டும் ஒன்றோடொன்றே ஒட்டிக்கொண்டு வீட்டாரைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

நாமே வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஃபாஸ்டர் எடுத்தவர்கள் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு, பதினைந்து வருடப் பொறுப்பு என்று தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் நல்லதே. ஆள் தேடாமல் காலம் கடத்தி, கடைசியில் வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் சிக்கல். நாய்க்கும் நஷ்டம், அடுத்து வரப்போகும் குட்டிக்கு அந்த வீட்டில் இடமில்லை. அதனால் குட்டி வந்த அன்றே படம் எடுத்து ஆள் தேடத் தொடங்க வேண்டும். ஊசி முடியட்டும், அப்புறம் போஸ்ட் போடலாம் என்பது தாமதம்.

சரி, எந்த வயதில் கொடுப்பது? இங்கேதான் ஃபாஸ்டர் செய்பவர்களுக்குள் சண்டையே வரும். எட்டு வாரம் முடிந்ததும் ஒரே ஊசியோடு கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. அந்த வயதில்தான் குட்டி பார்க்க அழகு, கேட்டு வருபவர்கள் அதிகம், புது வீட்டோடு பழகவும் நேரம் இருக்கும். பதினாறு வாரம் வைத்திருந்து எல்லா ஊசியும் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. கொடுத்த வாரமே பார்வோ வந்தால் புது வீட்டார் தாங்கமாட்டார்கள், செலவைப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள் என்ற நியாயமும் அதில் இருக்கிறது. நான்கு மாதமானால் காலும் காதும் நீண்டு, நாட்டு நாய் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அப்போது கேட்டு வருபவர்கள் குறைந்துபோவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பெண் குட்டி என்றால் இன்னும் சிரமம். கருத்தடையை நாங்களே செய்து தருகிறோம் என்று சொன்னால் அந்தத் தயக்கம் ஓரளவு குறையும்.

என் ஓட்டு நடுவில்: இரண்டாவது ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து, பத்துப் பதினொரு வாரத்தில். மூன்றாவது ஊசியும் ரேபிஸ் ஊசியும் புது வீட்டில் போடும்படி தேதி எழுதிய அட்டையோடு கொடுக்கலாம். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும் என்பதால் அந்த ஊசியை அவர்கள் விட்டுவிடவும் முடியாது. கொடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்ப்பது அவசியம். 'மாடிக்குக் காவலுக்கு வேணும்' என்பவருக்கு நான் தரமாட்டேன். சங்கிலியும் தகரக்கூரையும்தான் மிச்சம். பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசு என்பவரிடமும் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான். வேண்டாமென்று தோன்றினால் தெருவில் விடாமல், வேறு யாருக்கும் கொடுக்காமல், நம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் வழக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் குட்டிக்கு. எட்டு மாதம், ஒரு வயது நாய் என்றால் கணக்கு மாறும். தெருவிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்து, கால் முறிவுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய நாய்க்கு வீடு தேடுவதைவிட, கருத்தடையும் ஊசியும் போட்டு அதன் தெருவிலேயே விடுவது பல நேரம் நல்லது. 2023ஆம் ஆண்டின் பிராணிகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் அதைத்தான். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், ரேபிஸ் உள்ளவை, ஆளைத் தாக்குபவை தவிர மற்றவற்றை எடுத்த இடத்திலேயே விடலாம் என்றது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7 உத்தரவின்படி பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது. அப்படிப்பட்ட வளாகத்தில் எடுத்த இளம் நாய்க்கு ஃபாஸ்டர் வீடு கிடைப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. வீட்டில் வளர்ந்து துரத்தப்பட்ட லேப்ரடாரோ பொமரேனியனோ தெருவில் சமாளிக்காது. அவற்றுக்கு வீடு ஒன்றே வழி. அடாப்ட் செய்ய ஆளும் சீக்கிரம் கிடைப்பார்கள். அந்த ஆட்களில் குட்டி போட வைத்து விற்க நினைப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், கருத்தடை முடிந்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஐந்து மாதம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் முதலில் வீடு மாற்றிப் பார்க்கலாம். வேறு பகுதியில் உள்ள ஃபாஸ்டர் வீட்டுக்குப் போனால் வேறு ஆட்கள் கண்ணில் படும், கோயம்புத்தூர், பெங்களூர் வரைகூடத் தேடலாம். ஆறு மாதம் ஆனதும் கருத்தடையை முடித்துவிட்டால், வளர்ந்த நாயைத்தான் எடுப்போம், குட்டி வேண்டாம் என்கிற ஓய்வுபெற்ற தம்பதிகளும் நடுவயதுக்காரர்களும் வரக்கூடும். அவர்களிடம் வீட்டில் மூத்திரம் போகாத, படியேறத் தெரிந்த நாய் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஃபாஸ்டர் வீட்டுத் தெருவிலேயே விட்டுச் சோறு போடுவது என்பதைக் கடைசிக்கும் கடைசியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அந்தத் தெரு நாய்களோடு கயிறு கட்டி நடந்து ஏற்கெனவே பழகியிருந்தால், சோறு வைக்கக் குறைந்தது இரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்.